உள்பேட் காலி, வெளிப்பேட் புதுசு: பிரேக் தேய்மானத்தைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

என் பழைய ஹேட்ச்பேக்கில் முன் பிரேக் பேட் செட் ஒன்று 14,000 கிலோமீட்டரிலேயே முடிந்துபோனது. ஒர்க்‌ஷாப்பில் புது செட் போட்டார்கள். அது அதைவிடச் சீக்கிரம், 11,000-இல் இரும்போடு இரும்பு உரச ஆரம்பித்தது. "பிரேக்கை ரொம்ப மிதிக்கிறீங்க சார்" என்றார் மெக்கானிக். கழற்றிய பேட்களைக் காட்டச் சொன்னேன். வேறு வண்டிகளின் பேட்களோடு ஒரு டப்பாவில் கிடந்தன. எது இடது, எது வலது, எது உள்ளே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தேடி எடுத்ததில் ஒன்றில் லைனிங்கே (பேடில் தேயும் அடுக்கு) இல்லை, இன்னொன்றில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் ஓங்கி மிதித்ததுதான் காரணம் என்றால் எல்லாமே ஒரே மாதிரிதானே தேய்ந்திருக்க வேண்டும்?

அன்றிலிருந்து என் வண்டியில் பேட் கழற்றினால் முதல் வேலை, கீழே ஒரு செய்தித்தாளை விரித்து நான்கையும் வரிசையாக வைத்து, முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் இட-உள், இட-வெளி, வல-உள், வல-வெளி என்று எழுதுவது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கு ஓர் அம்புக்குறி. ஒர்க்‌ஷாப்பில் விடுவதாக இருந்தாலும் இதைச் சொல்லிவிட்டு விடுங்கள். கோளாறு எங்கே என்பது முக்கால்வாசி இந்தச் செய்தித்தாளிலேயே தெரிந்துவிடும்.

நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்னால், டிஸ்க்கை இரு புறமும் பேட்களால் கவ்வுவது காலிப்பர். அதில் ஒரே பிஸ்டன், அதுவும் வண்டியின் உள்பக்கம் மட்டுமே. மிதித்தால் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அதற்கு மேல் போக இடமில்லாததால் காலிப்பரின் உடலே இரண்டு பின்கள் (உருளைக் கம்பிகள்) மேல் வழுக்கி, வெளிப்பேடை இழுத்து வந்து மறுபுறம் அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் சீல், மிதிக்கும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், விட்டதும் தன் நிலைக்குத் திரும்பும். அந்த முடியளவு அசைவில்தான் பேட் டிஸ்க்கிலிருந்து விலகுகிறது. இவ்வளவு சின்ன விசையை நம்பி ஓடும் அமைப்பு என்பதால், நடுவில் கொஞ்சம் துருவோ சேறோ போதும், திரும்புவது நின்றுவிடும்.

எது இயல்பு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். புதுப் பேடில் லைனிங் சுமார் 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டும். உள்பேட் வெளிப்பேடைவிட ஒரு மி.மீ. போலக் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். ஒரே பேடில், டிஸ்க் சுழன்று நுழையும் முனை மற்ற முனையைவிடச் சற்று அதிகம் தேய்வதும் சகஜம். நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் சக்கரங்களுடையது என்பதால் பின் லைனர்கள் பல மடங்கு நீடிக்கும். முன் பேட்களுக்குள் வித்தியாசம் 2 மி.மீ.-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம்.

திறக்கும் முன்: சமதளம், பின் சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக்கியோடு கட்டாயம் ஸ்டாண்ட். பிரேக் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காலிப்பரை, அதற்கு ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். இதில் எதிலாவது தயக்கம் இருந்தால் பக்கத்தில் நின்று மெக்கானிக்கைச் செய்யச் சொல்லுங்கள், தப்பில்லை.

உள்பேட் முடிந்துவிட்டது, வெளிப்பேட் அப்படியே இருக்கிறது

அதிகம் பார்க்கக் கிடைப்பது இதுதான். காரணம் இரண்டில் ஒன்று. பின்கள் இறுகி, காலிப்பர் வழுக்காமல் நின்றுவிட்டால் வெளிப்பேடை இழுத்து வர ஆள் இல்லை. பிஸ்டன் தள்ளும் உள்பேடே முழு வேலையையும் செய்கிறது. அல்லது பிஸ்டன் வெளியே வருகிறது, உள்ளே திரும்புவதில்லை. உள்பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். பேட்களைக் கழற்றிவிட்டு, காலிப்பரை மட்டும் மறுபடி பின்களில் மாட்டிக் கையால் முன்னும் பின்னும் தள்ளுங்கள். கொஞ்சம் அழுத்தமாக, ஆனால் ஒரே சீராக நகர வேண்டும். இரண்டு கையால் குலுக்கித்தான் நகர்கிறது என்றால் பின்தான் குற்றவாளி. அது நன்றாக வழுக்குகிறதா? சரி, அப்போது பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப் போட்டு மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சீரான அழுத்தத்தில் இறங்க வேண்டும். திக்கித் திக்கி இறங்கினாலோ, ஒரு கோணத்தில் சாய்ந்தாலோ பிஸ்டனில் துரு. தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள், நிரம்பி வழியலாம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

டிஸ்க்கும் சாட்சி சொல்லும். வெளிமுகம் துருப்பிடித்து மங்கலாகவும் உள்முகம் பளபளவென்றும் இருந்தால் வெளிப்பேட் வேலையே செய்யவில்லை, அதாவது பின். வெளியிலிருந்து சக்கரக் கம்பிகளின் வழியாகப் பார்த்தால் நமக்குத் தெரிவது வெளிப்பேட் மட்டும்தான். "எட்டிப் பார்த்தேன், பேட் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவதில் உள்ள ஆபத்து இதுதான். என் வண்டியிலும் சர்வீஸ் அட்டையில் பேட் நன்றாக இருப்பதாகவே எழுதியிருந்தார்கள்.

பின்னைக் கழற்றி, உள்ளே இருக்கும் காய்ந்த கிரீஸையும் துருவையும் சுத்தமாக எடுத்து, பளபளவென்று இருந்தால் மறுபடி போடலாம். குழிகள் இருந்தால் புதுப் பின். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் கட்டாயம் புதுசு, கிழிந்த பூட் வழியாகத்தான் தண்ணீரே போகிறது. கிரீஸ் விஷயத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பெட்ரோலியம் சார்ந்தது, பிரேக்கில் இருக்கும் ரப்பர் அதில் ஊறி உப்பும். உப்பிய ரப்பர் பின்னை இறுக்கிப் பிடிக்கும். போடும் அன்று வெண்ணெய் போல வழுக்கும், சில மாதம் கழித்து அசையாது. பிரேக்குக்கென்று வரும் சிலிக்கோன் கிரீஸ்தான் வேண்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. அடைத்து வைத்தால் உள்ளே காற்று சிக்கி, பின் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

வெளிப்பேட் அதிகம் தேய்ந்திருக்கிறது

அபூர்வம். காலிப்பர் இழுத்து வந்ததோடு சரி, திரும்பிப் போகவில்லை என்று அர்த்தம். பின்களை மேலே சொன்னபடி பாருங்கள். அவை சரியாக இருந்தால் பேட்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான பிராக்கெட்டைப் பாருங்கள். பேடின் இரண்டு காதுகள் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகுக் கிளிப் இருக்கும். கிளிப்புக்குக் கீழே பிராக்கெட் துருப்பிடித்தால், துரு பருத்து கிளிப்பை உள்நோக்கித் தள்ளும், இடம் குறுகும், பேட் அங்கேயே சிக்கிக்கொள்ளும். பேடை எடுக்கச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்ததா? அப்போது இதுவேதான். உள்பேடிலும் இது நடக்கும்.

பேடின் காதுகளை அரம் போட்டுத் தேய்த்து உள்ளே நுழைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. செய்யாதீர்கள். கிளிப்பைக் கழற்றி, பிராக்கெட்டின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும் வரை எடுத்து, புதுக் கிளிப் போட்டால் பேட் விரலால் தள்ளினாலே போகும்.

ஒரே பேட் ஒரு முனையில் தடிமன், மறு முனையில் மெலிவு

ஆப்பு மாதிரி இருக்கும். இரண்டு பின்களில் ஒன்று மட்டும் ஜாம். நகரும் பக்கம் நகர, நகராத பக்கம் நிற்க, காலிப்பர் கோணலாக அழுத்துகிறது. என் வண்டியின் வியாதி இதுதான். இடது முன் சக்கரத்தில் கீழ்ப் பின் அசையவே இல்லை. உள்பேட் ஒரு முனையில் 4 மி.மீ., மறு முனையில் தகடு. பின்னைச் சுற்றியிருந்த ரப்பர் உறை யாரோ எப்போதோ தடவிய மஞ்சள் கிரீஸில் ஊறிப் பருத்திருந்தது. பின்னும் பூட்டும் சேர்ந்த கிட் சில நூறு ரூபாய். அதற்கு முன் இரண்டு பேட் செட்டும் ஒரு டிஸ்க்கும் காலி.

இன்னொரு சின்ன விஷயம். சில காலிப்பர்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றல்ல. ஒன்றின் முனையில் ரப்பர் உறை இருக்கும், மற்றது வெறும் உருளை. மாற்றிப் போட்டாலும் உள்ளே போகும், ஆனால் இப்படி ஆப்புத் தேய்மானம் வரும். கழற்றும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இடது சக்கரத்தில் இரண்டும் காலி, வலதில் இரண்டும் பாதி

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் கெட்டது எந்தப் பக்கம் என்பதிலேயே ஏமாற வாய்ப்பு உண்டு. அதிகம் தேய்ந்த பக்கம் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கலாம். இல்லை, அந்தப் பக்கம் நல்லதாக இருந்து, குறைவாகத் தேய்ந்த பக்கம் வேலையே செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஓட்டிப் பாருங்கள். பிரேக் மிதிக்காமல் போகும்போதே வண்டி ஒரு பக்கம் இழுத்து, மிதித்தாலும் அதே பக்கம் போனால் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா போகும்போது நேராகப் போய், மிதித்தால் மட்டும் இழுத்தால், இழுக்கும் பக்கம் நல்ல பக்கம், எதிர்ப்பக்கம் சோம்பேறி. (ரோட்டின் சரிவுக்கு லேசாக இடது இழுப்பதை இதில் சேர்க்காதீர்கள். காற்று குறைந்த டயரையும் முதலில் பார்த்துவிடுங்கள்.) அப்புறம், அதிகம் பிரேக் தேவைப்படாத ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் போய், கடைசியில் மெதுவாக உருண்டு நின்று, இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு சக்கரம் பிடிக்கிறது என்று முடிவானதும் எல்லாரும் காலிப்பர் விலை விசாரிக்கக் கிளம்புகிறார்கள். அதற்கு முன் ஒரு பத்து நிமிடச் சோதனை. சக்கரத்தைத் தூக்கி, இன்னொருவரை பிரேக்கை நாலைந்து முறை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்கும். இப்போது காலிப்பரில் உள்ள ப்ளீடிங் நிப்பிளில் (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) ஒரு டியூப் மாட்டி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் திருகு தளர்த்துங்கள்.

கொஞ்சம் ஆயில் வெளியே வந்து சக்கரம் சட்டென்று விடுபட்டதா? அப்படியானால் ஆயில் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது, பிஸ்டனும் பின்னும் பெரும்பாலும் நிரபராதிகள். விடுபடவில்லையென்றால் கோளாறு இயந்திரப் பக்கம்: பிஸ்டன், பின் அல்லது பிராக்கெட்.

அழுத்தம் மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ். வெளியே புதுசு போல இருக்கும், உள்சுவர் உப்பி அல்லது உரிந்து வழியை அடைத்திருக்கும். மிதிக்கும்போது வரும் பெரிய அழுத்தம் அந்த அடைப்பைத் தாண்டிப் போய்விடும். திரும்பி வருவதற்கோ அந்த ரப்பர் சீலின் சின்ன விசை மட்டுமே, அது தாண்டாது. உறுதிப்படுத்த, நிப்பிளை மூடி மறுபடி மிதித்துச் சக்கரத்தை இறுகச் செய்து, இந்த முறை ஹோஸ் இரும்புக் குழாயோடு சேரும் மேல் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லையென்றால் ஹோஸ் அடைப்பு. விட்டால் கோளாறு அதற்கும் மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். பொதுவாக அப்போது ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காது. இந்த நட்டுக்கு ஃப்ளேர் நட் ஸ்பானர்தான். சாதாரண ஸ்பானர் மூலையை மழுக்கிவிடும், அப்புறம் குழாயையே மாற்ற வேண்டிவரும். சோதனை முடிந்ததும் ஆயில் குழாயில் புகுந்த காற்றை எடுக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஹோஸை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.

பிஸ்டன் ஜாம் ஆவதற்குப் பின்னால் பெரும்பாலும் மாற்றாத ஆயில் இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. அந்த ஈரமே பிஸ்டனையும் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் காலிப்பர் வாங்கும் செலவு வெகுவாகக் குறையும். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் காத்திருக்கவே வேண்டாம். 2015, 2023 டிசம்பர் மழைகளில் சென்னையில் வண்டி நனைந்தவர்களும், அப்படிப்பட்ட வண்டியைப் பின்னால் வாங்கியவர்களும் பின், பூட், ஆயில் மூன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

முன் நான்கும் சமமாக, ஆனால் ரொம்பச் சீக்கிரம்

பின் பிரேக் வேலை செய்யவில்லையா என்று பாருங்கள். டிரம்மில் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இறுகிவிட்டால் லைனர் டிரம்மைத் தொடவே நேரம் எடுக்கும், சுமை முழுக்க முன்னால். ஹேண்ட் பிரேக் லிவர் வழக்கத்தைவிட உயரம் வருவது இதன் அடையாளம். பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகினால் பின் பேட் ஒரு பக்கம் முடிந்துபோகும். அங்கே பிஸ்டனை கிளாம்ப் போட்டு அமுக்காதீர்கள், பல வண்டிகளில் அது திருகிச் செல்லும் வகை. எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால் சர்வீஸ் மோடுக்குப் போகாமல் கை வைக்கவே கூடாது.

பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது

"டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. சுற்றளவில் ஓரிடத்தில் தடிமன் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அந்த இடம் எப்படி மெலிந்தது என்பதுதான் கேள்வி. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் ஒரு துருத் துணுக்கு இருந்தாலோ, வீல் நட்டுகளைத் தாறுமாறாக இறுக்கியிருந்தாலோ டிஸ்க் லேசாகக் கோணிச் சுழலும். பிரேக் மிதிக்காமல் ஓடும்போதே ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். சில ஆயிரம் கிலோமீட்டர் போனபின் அந்த இடம் மெலிந்து உதறல் தொடங்கும். அதனால்தான் டிஸ்க் மாற்றிய அன்று எல்லாம் அருமையாக இருந்து, மாதங்கள் கழித்து உதறுகிறது. டிஸ்க் தரமில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் ஹப் முகத்தைத் துடைத்தார்களா என்று கேளுங்கள்.

ஒரு மி.மீ.-இல் ஐம்பதில் ஒரு பங்கு, 0.02 மி.மீ., வித்தியாசமே உதறலாகக் கையில் தெரியலாம். இதை வெர்னியரால் பிடிக்க முடியாது, மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். டிஸ்க் கோணிச் சுழல்வதை அளக்க டயல் கேஜ். குறைந்தபட்சத் தடிமன் பார்க்க மட்டும் வெர்னியர் போதும். அதிலும் ஒரு சூது: தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் ஒரு வரப்பு நிற்கும், வெர்னியரின் தாடை அதைக் கவ்வி அதிகத் தடிமன் காட்டும். ஒரே மாதிரி இரண்டு நாணயங்களை அளந்து குறித்துக்கொண்டு, தேய்ந்த பரப்பில் இரு புறமும் வைத்து அளந்து, நாணயத் தடிமனைக் கழித்துவிடுங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே சின்ன எழுத்தில் பொறித்திருக்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நின்றால், கொதிக்கும் பேடின் பொருள் டிஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். இதுவும் உதறலைத் தரும். இறக்கத்தில் சின்ன கியர், நின்றதும் முடிந்தவரை காலை எடுத்துவிடுவது. டிஸ்க்கில் நீலத் திட்டுகள் தெரிந்தால் நன்றாகச் சூடேறியிருக்கிறது.

லேத்தில் கடைந்து வாங்கலாமா? சிறிய கார் டிஸ்க்கில் கடைய மிச்சம் இருப்பது கொஞ்சமே, கடைந்தபின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விட்டால் காசு வீண். நான் புதுசுதான் போடுவேன், இரண்டு பக்கமும். மழை நின்ற மறுநாள் காலை டிஸ்க்கில் தெரியும் செம்மண் நிறத் துரு எதிலும் சேராது. நாலு பிரேக்கில் போய்விடும்.

எல்லாம் மாட்டியபின்

வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். இதை மறந்து வீட்டுக் கேட்டை இடித்தவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒரு தடவை மயிரிழையில் தப்பினேன். வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்), கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். காலியான ரோட்டில் 50-இலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிற்காமல், இடைவெளி விட்டுப் பத்துத் தடவை செய்தால் புதுப் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும்.

ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி நான்கையும் அளந்து எழுதி வைத்தேன். பின் மாற்றிய அந்த இடது சக்கரத்தில் கடைசியாக அளந்தபோது, 18,000 கிலோமீட்டரில், உள்ளே 6.5, வெளியே 7.